மெடிக்கல் போர்டுக்குத் திரும்பிய கோப்பு: படைவீரர் இயலாமை ஓய்வூதிய மேல்முறையீடு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படைவீரர்களின் பணிக் கோப்புகளை வைத்திருக்கும் ராணுவ ரெக்கார்டு ஆபீஸ் ஒன்றில் 18 ஆண்டுகள் கிளார்க்காக இருந்து, ஹவில்தாராக ஓய்வுபெற்றவன் நான். ‘தங்கள் நோய்க்கும் ராணுவப் பணிக்கும் தொடர்பில்லை, கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது’ என்ற கடிதத்தை எத்தனை பேருக்குத் தட்டச்சு செய்திருப்பேன் என்று கணக்கில்லை. பெயர், படை எண், நோயின் பெயர் மூன்றும் மாறும். மற்ற வரிகள் அப்படியே இருக்கும். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த வீடுகள் எப்படி இருக்கும் என்பதை ஊருக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.

எங்கள் வேலூர்ப் பக்கத்தில் படைக்கு ஆள் அனுப்பாத தெரு குறைவு. கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே பலரும் அழைக்கிறார்கள். சுற்றுவட்டாரத்து முன்னாள் படைவீரர்களும் அவர்களுடைய மனைவிமார்களும் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். சமீப காலமாக அவர்கள் அதிகம் கேட்பது ஒரே விஷயம்: ஆயுதப்படைத் தீர்ப்பாயம் வழக்கை மறுபடியும் மெடிக்கல் போர்டுக்கே, அதாவது இயலாமையை மதிப்பிடும் ராணுவ மருத்துவர் குழுவுக்கே, அனுப்பிவிட்டது, இனி என்ன செய்வது? அவர்களுக்குச் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். அலுவலகத் தாள்களில் இயலாமை ஓய்வூதியம் என்று இருப்பதை எங்கள் ஊரில் எல்லோரும் டிஸ்எபிலிட்டி பென்ஷன் என்றுதான் சொல்வார்கள். இரண்டும் ஒன்றே.

தீர்ப்பாயம் ‘மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பப்படுகிறது’ என்று உத்தரவு போட்டிருக்கிறது. நாங்கள் ஜெயித்தோமா, தோற்றோமா?

இரண்டும் இல்லை. பழைய முடிவு செல்லாது, அல்லது அந்த முடிவை எடுத்த விதம் சரியில்லை என்று தீர்ப்பாயம் சொல்லியிருக்கிறது. பணம் கொடு என்று இன்னும் சொல்லவில்லை. அதைத் தீர்மானிக்கும் வேலையைப் புதிய மெடிக்கல் போர்டிடமோ மேல்முறையீட்டுக் குழுவிடமோ ஒப்படைத்திருக்கிறது.

இந்த உத்தரவு கைக்கு வந்ததும் ஒரு சாரார் இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள். இன்னொரு சாரார் ‘திரும்பவும் அதே டாக்டர்களிடமா’ என்று மனம் விட்டுப்போய், போர்டுக்கு அழைத்த தேதியில் போகாமலே இருந்துவிடுகிறார்கள். இரண்டு பேரும் தவறு செய்கிறார்கள். உத்தரவு வந்த நாளுக்கும் போர்டு கூடும் நாளுக்கும் நடுவில் இருக்கும் வாரங்களில்தான் உங்கள் வழக்கு உண்மையில் தீர்மானமாகிறது. போர்டு தன் மேஜையில் இருக்கும் காகிதங்களைப் பார்த்துத்தான் எழுதும். அங்கே புதிய காகிதம் எதுவும் இல்லையென்றால் பழைய முடிவையே புதிய தேதி போட்டு எழுதுவது சுலபம்.

வழக்கு எந்த வழியாக அங்கே போய், எதற்காகத் திரும்பி வருகிறது?

வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பணி முடியும்போது நடப்பது விடுவிப்பு மெடிக்கல் போர்டு. நோய் காரணமாக இடையிலேயே வீட்டுக்கு அனுப்பினால் அது இன்வாலிடிங் மெடிக்கல் போர்டு. அதன் முடிவை வைத்து ஓய்வூதியம் மறுக்கப்பட்டால் 6 மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதுவும் மறுக்கப்பட்டால் இன்னொரு 6 மாதத்துக்குள் இரண்டாம் மேல்முறையீடு. அதற்குப் பிறகுதான் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 2009ல் செயல்படத் தொடங்கிய இந்தத் தீர்ப்பாயத்துக்குச் சென்னையிலும் அமர்வு உண்டு. மேல்முறையீடு கொடுத்து 6 மாதம் ஆகியும் பதில் வராவிட்டால், காத்துக்கொண்டிருக்காமல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

திரும்பி வருவதற்கு நான் பார்த்தவரை முக்கியமான காரணம் ஒன்றே: நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று முடிவு சொன்ன போர்டு, ஏன் இல்லை என்று எழுதவில்லை. சில வழக்குகளில் சதவீதம் போட்டதில் குழப்பம் இருக்கும். ஆயுளுக்கா, சில ஆண்டுகளுக்கா என்று கால அளவு எழுதாமல் விட்டிருப்பார்கள். மேல்முறையீட்டை ‘காலம் கடந்தது’ என்று சொல்லி உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காமலே தள்ளியிருப்பார்கள். இவையும் திரும்பி வரும்.

என் தாள்களில் ‘என்.ஏ.என்.ஏ.’ என்று எழுதியிருக்கிறது. அது என்ன?

பணியால் வந்ததும் இல்லை, பணியால் மோசமானதும் இல்லை என்பதன் சுருக்கம். ஓய்வூதியம் கிடைக்க இரண்டு நிபந்தனைகள் உண்டு. நோயோ காயமோ ராணுவப் பணியால் உண்டாகியிருக்க வேண்டும், அல்லது ஏற்கெனவே இருந்தது பணியால் அதிகமாகியிருக்க வேண்டும். இது ஒன்று. இயலாமை 20 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது மற்றொன்று. என்.ஏ.என்.ஏ. என்ற நாலெழுத்து முதல் நிபந்தனையை அடித்துவிடுகிறது.

உங்கள் மெடிக்கல் போர்டு படிவத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்–16 என்று தலைப்பில் இருக்கும். முதல் பகுதியில் நீங்கள் வேலை பார்த்த இடங்கள், நோய் எப்போது எங்கே முதலில் தெரிந்தது என்பவை இருக்கும். அடியில் உங்கள் கையெழுத்து இருக்கும். பிறகு யூனிட் கமாண்டிங் ஆபீசர் எழுதும் பகுதி. உங்கள் வேலையில் கடுமையான அழுத்தம் இருந்ததா என்ற கேள்வி அதில் உண்டு. அடுத்துப் போர்டின் கருத்து, கட்டம் கட்டமாக: நோயின் பெயர், பணியால் வந்ததா, பணியால் மோசமானதா, பணியோடு தொடர்பே இல்லையா, காரணம் என்ன.

அந்தக் கடைசிக் கட்டத்தைப் படியுங்கள். அரை அங்குல இடம். பல கோப்புகளில் அதற்குள் ‘உடற்கூறு சார்ந்த நோய்’ (உடல்வாகினால் தானாக வந்தது) என்றோ ‘அமைதிப் பகுதியில் தோன்றியது’ (களப் பணி இல்லாத இடத்தில் வந்தது) என்றோ இரண்டு மூன்று சொல்லோடு முடிந்திருக்கும். இன்னும் கீழே போனால் இயலாமை 30 சதவீதம், ஆயுளுக்கு என்று எழுதியிருக்கும். அதற்கு நேர் கீழே, ஓய்வூதியத்துக்குத் தகுதியான நிகர மதிப்பீடு: ‘இல்லை’. நோய் இருக்கிறது, 30 சதவீதம் உடல் கெட்டிருக்கிறது என்று கையெழுத்திட்ட அதே மூன்று டாக்டர்கள் அடுத்த வரியில் பூஜ்யம் போடுகிறார்கள். நடுவில் இருக்கும் காரணம் அந்த இரண்டு மூன்று சொற்கள்தான். இந்த முரணைத்தான் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்கின்றன.

சேரும்போது நான் நல்ல உடல்நிலையோடுதான் இருந்தேன். நோய் பணியால் வந்தது என்று நான்தான் நிரூபிக்க வேண்டுமா?

பொதுவாக இல்லை. இதைத் தெளிவாக்கியது தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் சொன்ன தீர்ப்பு. 1985ல் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்து, வலிப்பு நோய் என்று 1994ல் வெளியே அனுப்பப்பட்டவர் அவர். போட்ட இயலாமை 20 சதவீதம். தொடர்பில்லை என்று ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. சேரும்போது எடுத்த மருத்துவப் பதிவில் அந்த நோயைப் பற்றி எந்தக் குறிப்பும் இல்லையென்றால், அவர் நலமாகவே சேர்ந்தார் என்றும் பிறகு வந்தது பணியால் வந்தது என்றும் கொள்ள வேண்டும் என்றது நீதிமன்றம். அது அப்படியல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. சேரும்போது கண்டுபிடித்திருக்க முடியாத நோய் என்றால், ஏன் முடியாது என்று போர்டு காரணத்தோடு எழுத வேண்டும். 2025 மே மாதத்தில் ராஜுமோன் வழக்கிலும், காரணம் எழுதாத போர்டு அறிக்கையை வைத்து ஓய்வூதியத்தை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்லியிருக்கிறது.

திருப்பி அனுப்புவதற்கு நல்ல உதாரணம் வீர் பால் சிங் வழக்கு. 1972ல் சேர்ந்தவர். 1977ல் ஸ்கிசோஃப்ரினியா என்று வெளியே அனுப்பினார்கள். தீர்ப்பாயம் கைவிட்ட அவருடைய வழக்கை 2013ல் உச்ச நீதிமன்றம் எடுத்து, அவரை மறு ஆய்வு மெடிக்கல் போர்டின் முன் கொண்டுபோய்ப் புதிதாக மதிப்பிடச் சொன்னது. போர்டு எழுதியதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதுதான் அந்த உத்தரவின் சாரம்.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2019ல் நர்சிங் யாதவ் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், சேரும்போது கண்டுபிடிக்க முடியாத மனநோய்க்குத் தானாகவே ஓய்வூதியம் வந்துவிடாது என்று சொல்லி மறுத்தது. அதனால் ‘சேரும்போது நலம்’ என்ற ஒரு வாதத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

ஆண்டும் முக்கியம். 2008 விதிகளின்படி, வெளியே வந்து 15 ஆண்டுகளுக்குப் பிறகு, பணி ஆவணங்கள் கால வரம்பு முடிந்து அழிக்கப்பட்ட நிலையில் கோரிக்கை வைத்தால் நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் வந்துவிழும். 2023 செப்டம்பர் 21 முதல் வெளியே வருபவர்களுக்கு வேறு விதித் தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. பக்கத்து வீட்டு சுபேதாருக்கு 2005ல் கிடைத்தது என்பதற்காக உங்களுக்கும் அதே விதி என்று நினைக்க வேண்டாம்.

உத்தரவு ஆங்கிலத்தில் பத்துப் பக்கம் இருக்கிறது. எதைத் தேடிப் படிக்க வேண்டும்?

கடைசி இரண்டு பத்திகளை. அங்கேதான் என்ன செய்யச் சொல்லியிருக்கிறார்கள் என்பது இருக்கும். நான்கு விஷயத்தைப் பென்சிலால் கோடிடுங்கள்.

எந்தக் கேள்வியைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்? சிலவற்றில் ‘பணியால் மோசமானது என்று ஏற்கிறோம், சதவீதத்தையும் கால அளவையும் மட்டும் போர்டு பார்க்கட்டும்’ என்று இருக்கும். அப்படியென்றால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. தொடர்பு உண்டா இல்லையா என்ற கேள்வியைப் போர்டு மறுபடி எடுக்கவே கூடாது. எடுத்து என்.ஏ.என்.ஏ. என்று எழுதினால் அது உத்தரவை மீறியது. சிலவற்றில் முழுக் கேள்வியும் திறந்து விடப்பட்டிருக்கும். எந்த மருத்துவமனையில் போர்டு கூட வேண்டும், எத்தனை மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பவை அடுத்த இரண்டு. பெரும்பாலும் மூன்று நான்கு மாதக் கெடு இருக்கும். நான்காவது, நிலுவை எந்தத் தேதியிலிருந்து என்பது.

வழக்கறிஞர் ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொன்னாலும் அந்த இரண்டு பத்திகளைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். போர்டு நாளன்று அந்தத் தாள் சட்டைப் பையில் இருக்கட்டும்.

போர்டுக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

போன ஆண்டு ஒரு நாயக்கின் மனைவி வந்தார். கணவருக்கு வலிப்பு. போர்டு ‘அமைதிப் பகுதியில் தோன்றியது’ என்று எழுதியிருந்தது. துணிக்கடை மஞ்சள் பை ஒன்றில் எல்லாத் தாளும் இருந்தது. திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விரித்தோம். பேங்க் பாஸ்புக், பிள்ளைகளின் மார்க் ஷீட், கல்யாணப் பத்திரிகை. ரேஷன் கார்டின் பிளாஸ்டிக் உறைக்குள் நாலாக மடித்து ஒரு சீட்டு இருந்தது. மடிப்பில் கிழிந்து, மஞ்சளாகிப்போன கள மருத்துவமனைச் சீட்டு. உயரமான மலைப் பகுதியில் இருந்தபோது மயங்கி விழுந்து இரண்டு நாள் உள்ளே இருந்ததற்கான பதிவு. தேதி, வார்டு முத்திரை எல்லாம் தெளிவாக இருந்தன. நோய் முதலில் தெரிந்ததாகப் போர்டு எழுதியிருந்த தேதிக்கு ஏழு மாதம் முந்தைய தேதி அது. ‘இது என்னண்ணா, மாத்திரைச் சீட்டுதானே’ என்று கேட்டார் அந்தத் தங்கை. அந்தச் சீட்டின் நகலை மூன்று பிரதி எடுத்து, ஒரு கடிதத்தோடு போர்டுக்கு முன்கூட்டியே பதிவுத் தபாலில் அனுப்பினோம். போர்டு இந்த முறை ‘பணியால் மோசமானது’ என்று எழுதியது.

எல்லோர் பையிலும் அப்படிச் சீட்டு இருக்காது. ஆனால் தேட வேண்டும். தேட வேண்டியவை:

சேரும்போது எடுத்த மருத்துவப் பரிசோதனைப் பதிவு. போர்டு படிவத்தின் எல்லாப் பக்கங்களும், சிறப்பு மருத்துவரின் கருத்தோடு சேர்த்து. பணியில் இருந்த இடங்களின் பட்டியல். எங்கே, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, அது களப் பகுதியா, உயர் மலைப் பகுதியா, தீவிரவாத எதிர்ப்புப் பகுதியா என்பதோடு. இவை கையில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதிக் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். ‘என் மருத்துவ ஆவணங்கள் அனைத்தும்’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள். ஒவ்வொரு ஆவணத்தையும் பெயர் சொல்லி, ஆண்டு சொல்லிக் கேளுங்கள். பொதுவாகக் கேட்ட மனுவுக்குப் பொதுவாகவே பதில் எழுதி அனுப்புவது எனக்குத் தெரியும். நானும் அப்படி எழுதியிருக்கிறேன். அதற்காக இப்போது வருந்துகிறேன்.

நோய்க்கு ஏற்றபடி சில தனி ஆவணங்கள் உண்டு. மாரடைப்பு, இதய நோய் என்றால் நோய் தாக்குவதற்கு முந்தைய 14 நாட்களில் நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்பதை ராணுவ மருத்துவர்களுக்கான வழிகாட்டி நூல் கேட்கிறது. யூனிட்டிலிருந்து அந்த 14 நாள் பணி விவரம் வர வேண்டும். அது வராமலே ‘தொடர்பில்லை’ என்று முடித்த கோப்புகள் ஏராளம். அந்தப் பதினான்கு நாளில் நீங்கள் இரவு ரோந்தில் இருந்தீர்களா, வெள்ள நிவாரணத்தில் இருந்தீர்களா, நீளமான கான்வாயில் வண்டி ஓட்டினீர்களா என்று நினைவுபடுத்தி எழுதுங்கள். கூட இருந்த இருவரிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்குங்கள். ரத்த அழுத்தம் என்றால் களப் பகுதியிலோ உயர் மலையிலோ இருந்தபோது தொடங்கியதா, அல்லது அங்கே இருந்தபோது கூடியதா என்பதுதான் கேள்வி. காயம் என்றால் காய அறிக்கையும், விசாரணை நடந்திருந்தால் அதன் முடிவும்.

ஓய்வுக்குப் பின் இன்று வரை பார்த்த சிகிச்சையையும் கொண்டுபோங்கள். இ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் மருத்துவமனைச் சீட்டுகள், மருந்துப் பட்டியல், ஸ்கேன். நோய் தொடர்ந்து இருக்கிறது என்பதை அவைதான் காட்டும்.

எல்லாவற்றையும் தேதி வரிசைப்படி அடுக்கி, முதல் பக்கத்தில் ஒரு பக்கக் கடிதம் வையுங்கள். எந்த ஆண்டு, எந்த இடம், என்ன நடந்தது, எந்தத் தாள் சாட்சி. உணர்ச்சிகரமாக எழுத வேண்டாம். தேதிகள் பேசட்டும்.

மாவட்ட அரசு மருத்துவமனை தந்த மாற்றுத்திறனாளி சான்றிதழ் இருக்கிறதே, அது போதாதா?

போதாது. அது பஸ் சலுகை, மாநில அரசு உதவித்தொகை போன்றவற்றுக்குப் பயன்படும். ராணுவ ஓய்வூதியத்துக்கு ராணுவ மெடிக்கல் போர்டின் மதிப்பீடுதான் கணக்கு. ஆனாலும் துணை ஆவணமாகக் கோப்பில் சேருங்கள்.

மறு ஆய்வில் சதவீதம் குறைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

குறைய வாய்ப்பு உண்டு. முழுக் கேள்வியும் திறந்திருந்தால் போர்டு உங்களை இன்று இருக்கும் நிலையில் பார்க்கும். மருந்தால் கட்டுப்பட்டிருந்தால் குறைத்து எழுதவும் செய்வார்கள். பரிசோதனை அறையில் பலர் பழைய சிப்பாய்ப் பழக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி ‘ஒன்றுமில்லை சார், நன்றாக இருக்கிறேன்’ என்கிறார்கள். ஐயா, அந்த ஒரு இடத்தில் அப்படிச் சொல்லாதீர்கள். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா, இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள், வலிப்பு கடைசியாக எப்போது வந்தது, எந்த வேலையை விட்டுவிட்டீர்கள் என்பதை உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். மிகைப்படுத்தவும் வேண்டாம்.

நோயால் இடையிலேயே வெளியேற்றப்பட்டவர்களுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 2014ல் சுக்விந்தர் சிங் வழக்கில், வேலைக்கே லாயக்கில்லை என்று வெளியே அனுப்பிய ஒருவரின் இயலாமை 20 சதவீதத்துக்கு மேல் என்றுதான் கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

கிடைத்தால் எவ்வளவு கிடைக்கும்?

100 சதவீத இயலாமைக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது பொதுக் கணக்கு. மற்றவர்களுக்கு அதில் விகிதாசாரம். இதோடு ரவுண்டிங் ஆஃப் என்ற சலுகை சேரும். 2001ல் வந்த அரசாணைப்படி, இயலாமை சதவீதம் 50க்குக் குறைவாக இருந்தால் அது 50 ஆகும். 50 முதல் 75 வரை 75 ஆகும். அதற்கு மேல் 100. முதலில் இடையில் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும் என்றிருந்தது. பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது.

கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய், போர்டு போட்டது 30 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 சதவீதத்துக்கு 12,000. முப்பதுக்கு 3,600 வர வேண்டும். முப்பது ஐம்பதாக உயர்வதால் மாதம் 6,000. இதன் மேல் அகவிலைப்படி. போர் காயம் என்றால் கணக்கே வேறு, அது இன்னும் கூடுதல். பி.பி.ஓ. என்ற ஓய்வூதிய ஆணை வந்ததும் ரவுண்டிங் செய்திருக்கிறார்களா என்று ஸ்பர்ஷ் என்ற படைவீரர் ஓய்வூதிய இணையதளத்தில் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். உத்தரவில் அது எழுதப்படாமல் விட்டுப்போயிருந்தால் அதற்கே இன்னொரு மனு போட வேண்டியிருக்கும்.

நிலுவை முழுவதும் வருமா? அப்பா 1990களிலேயே வெளியே வந்தவர்.

தாமதமாக வழக்குப் போட்டவர்களுக்கு, வழக்குத் தாக்கல் செய்த தேதிக்கு முந்தைய 3 ஆண்டுகளுக்கு மட்டும் நிலுவை என்பது 2008ல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வரையறை. ஓய்வூதியம் மாதாமாதம் மறுக்கப்படுவதால் உரிமை காலாவதியாகாது, பழைய பாக்கிக்கு மட்டும் வரம்பு என்பது அதன் பொருள். நிலுவை குறித்துப் பின்னால் வந்த தீர்ப்புகள் உங்கள் வகைக்குப் பொருந்துமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். தாக்கல் தேதி முக்கியமாக இருப்பதால்தான், வழக்குத் திரும்பி வந்த பிறகு ‘புதிதாக முதலிலிருந்து விண்ணப்பியுங்கள்’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்கிறேன். பழைய வழக்கு எண்ணைக் குறிப்பிட்டே எல்லாக் கடிதத்தையும் எழுதுங்கள்.

கெடு முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. போர்டு அழைப்பே வரவில்லை.

உத்தரவின் சான்றிட்ட நகலோடு ரெக்கார்டு ஆபீசுக்குப் பதிவுத் தபாலில் நினைவூட்டுங்கள். உங்கள் இப்போதைய முகவரியும் கைப்பேசி எண்ணும் அதில் இருக்கட்டும். வீடு மாறியது தெரியாமல் பழைய முகவரிக்குப் போய்த் திரும்பிய அழைப்புக் கடிதங்களை நானே கோப்பில் சேர்த்திருக்கிறேன். ‘ஆஜராகவில்லை’ என்ற ஒரு குறிப்போடு அந்தக் கோப்பு தூங்கிவிடும். அதற்கும் அசையாவிட்டால் தீர்ப்பாயத்திலேயே உத்தரவை நிறைவேற்றக் கோரி மனு போடலாம். அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது.

புதிய போர்டும் என்.ஏ.என்.ஏ. என்று எழுதிவிட்டது. இனி வழியில்லையா?

இருக்கிறது. புதிய அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தீர்ப்பாயம் கேட்ட கேள்விக்குக் காரணத்தோடு பதில் எழுதியிருக்கிறார்களா, நீங்கள் கொடுத்த ஆவணங்களைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் மறுபடி தீர்ப்பாயம் போகலாம். இரண்டாவது முறையும் காரணமில்லாத அறிக்கை வந்திருந்தால், மூன்றாவது போர்டுக்கு அனுப்பாமல் தீர்ப்பாயமே முடிவு சொல்ல வேண்டும் என்று வலியுறுத்துங்கள். எழுபது வயதுக்காரரை எத்தனை முறை ரயில் ஏற்றுவது?

தீர்ப்பாயத்தின் முடிவே பாதகமாக இருந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். நடுவில் சில ஆண்டுகள் இந்தக் கதவு சாத்தியிருந்தது. 2023 மார்ச்சில் பரசோத்தம் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் திறந்துவிட்டது. நேராக உச்ச நீதிமன்றம் போவதற்கு, பொது முக்கியத்துவம் உள்ள சட்டக் கேள்வி இருந்தாக வேண்டும்.

கணவருக்கு மனநிலை சரியில்லை. ‘போர்டு’ என்ற வார்த்தையைக் கேட்டாலே வீட்டை விட்டு ஓடிவிடுகிறார். என்ன செய்வது?

அம்மா, முதலில் அவரைக் கட்டாயப்படுத்தி இழுத்துப்போக வேண்டாம். இப்போது பார்க்கும் மனநல மருத்துவரிடம், அவர் பயணம் செய்யும் நிலையில் இல்லை என்று சான்று வாங்கி, போர்டு கூடும் மருத்துவமனைத் தலைமைக்கும் ரெக்கார்டு ஆபீசுக்கும் எழுதுங்கள். வீட்டுக்கு அருகில் உள்ள ராணுவ மருத்துவமனையில் நடத்தக் கேட்கலாம். நீங்கள் உடனிருக்க அனுமதியும் அதே கடிதத்தில் கேளுங்கள். அவர் பேசாததை நீங்கள்தான் பேச வேண்டும். எந்த ஆண்டு லீவில் வந்தபோது முதலில் மாறுதல் தெரிந்தது, அப்போது எந்த இடத்தில் பணியில் இருந்தார், என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்பதைத் தேதியோடு எழுதி உறுதிமொழிப் பத்திரமாகக் கொடுங்கள். அந்தக் காலத்தில் அவர் எழுதிய கடிதங்கள் இருந்தால் அவற்றையும் எடுத்து வையுங்கள்.

ஒருவர் ‘நிலுவையில் முப்பது சதவீதம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன்’ என்கிறார். கொடுக்கலாமா?

வேண்டாம். கையெழுத்திட்ட வெற்றுத் தாளையும் மூல ஆவணங்களையும் எவரிடமும் கொடுக்காதீர்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். மனு எழுத அங்கே உதவுவார்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வழக்கறிஞரும் கிடைப்பார். மாற்றுத்திறனாளிகளுக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. படைவீரர் குடும்பங்களுக்கென்று தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2025 ஜூலையில் தனித் திட்டமும் தொடங்கியிருக்கிறது.

வழக்கு திரும்பி வந்த பிறகு, போர்டு கூடுவதற்கு முன்பே அப்பா இறந்துவிட்டார். எல்லாம் முடிந்ததா?

முடியவில்லை. அவருக்குச் சேர வேண்டிய தொகை, வெளியே வந்த நாளிலிருந்தோ உத்தரவில் சொன்ன தேதியிலிருந்தோ அவர் இறந்த நாள் வரை, வாரிசுகளுக்குச் சேரும். அம்மாவின் பெயரை வழக்கில் சேர்க்கத் தாமதிக்காமல் தீர்ப்பாயத்தில் மனு போடுங்கள். ஆளைப் பார்த்துப் பரிசோதிக்க முடியாது என்பதால் ஆவணங்களை வைத்தே முடிவெடுக்கக் கேட்க வேண்டும். அவர் இறந்ததே அந்த நோயால்தான் என்றால், அந்த நோய் பணியால் வந்தது அல்லது மோசமானது என்று ஏற்கப்பட்டால், அம்மாவுக்குச் சாதாரணக் குடும்ப ஓய்வூதியத்துக்குப் பதிலாகச் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் கேட்க முடியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிய தொகை. அதனால் கடைசியாகச் சேர்த்திருந்த மருத்துவமனையில் இறப்புக்கான காரணத்தை எழுதும் படிவத்தில் பழைய நோயின் பெயர் விடுபடாமல் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். துக்க வீட்டில் இதை யார் யோசிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் இருக்கும் மருமகனோ தம்பியோ அந்த வேலையைப் பொறுப்பாக எடுத்துக்கொள்ளட்டும். அப்பாவின் டிஸ்சார்ஜ் புக்கையும் போர்டு படிவத்தையும் எடுத்து அம்மாவின் பீரோவில் பத்திரமாக வைத்துவிடுங்கள்.